அக்காவுக்கு, சின்னவளைக் கடலுக்கு அழைத்துப் போவது பற்றி

அன்புள்ள அக்கா,

செப்டம்பர் மாதம் உன் சின்ன மகளுக்கு வரும் பல்கலைக்கழக விடுமுறையில் அவளைக் குவீன்ஸ்லாந்துக் கரையில் இருக்கும் டபுள் ஐலண்ட் பாயிண்ட் என்ற கடல்முனைக்கு அழைத்துப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். இருவர் துடுப்புப் போடும் கயாக் படகில் அவளுக்கும் எனக்கும் இடம் பதிவாகிவிட்டது, பணமும் கட்டியாயிற்று. "எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போ, அங்கே மட்டும் வேண்டாம்" என்று பிரிஸ்பேன் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் தலையாட்டவில்லை என்பதும் உனக்கு நினைவிருக்கும்.

தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். நம் இருவருக்கும் அதுதான் வழக்கம். நான் இந்தப் பக்கத்தில் எழுதுவதை மட்டும் நீ முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பதாக அத்தான் சொல்லியிருக்கிறார். ஆகவே இங்கே எழுதுகிறேன். நம் உறவுக்காரர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில செய்திகளைத் தொட்டும் தொடாமலும்தான் சொல்ல முடியும். விட்டதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

முன்பு நாம் இருவரும் அங்கே போன அந்த நாள் எப்படித் தொடங்கியது, நீ எத்தனை மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டினாய் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நூசா ஆற்றை வண்டியோடு மிதவையில் கடந்த பிறகு நீ கண்களை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்ல ஆரம்பித்தாய். முனையில் வண்டி நிற்கும் வரை திறக்கவே இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கும் அதிகமான டீவா கடற்கரையில் ஒரு கல் தொலைவைக்கூட நீ பார்க்கவில்லை. ஊரில் நீ சொல்லும் கதையில் அந்தக் கடற்கரை எமலோகத்துக்குப் போகும் வழியாக மாறிவிட்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். எனவே நீ பார்க்காததை நான் சொல்கிறேன்.

மணலில் இறங்குவதற்கு முன் வழிகாட்டிப் பெண் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள் அல்லவா, ஏதோ பழுது என்று நீ என் தோளைப் பிடித்தாயே, அப்போது அவள் நான்கு டயர்களிலும் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வால்வாகச் சீறும் சத்தம் எனக்குக் கேட்டது. காற்றை இறக்கினால் டயர் தட்டையாகப் பரந்து மணலின் மேல் மிதந்து ஓடும். இறக்காவிட்டால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை புதையும். ஈர மணல் கெட்டியாக இருக்கும் வேளையாகப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும் என்பதால், கடல் ஏற்றத்தின் உச்சிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு, வற்றத்தை ஒட்டிப் பயணத்தை வைத்திருந்தார்கள். அந்தக் கடற்கரை குவீன்ஸ்லாந்துச் சட்டப்படி ஒரு சாலை. வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். இருக்கைப் பட்டி கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டினால் நகரத்தில் என்ன தண்டனையோ அதே தண்டனை. பூங்கா நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி அங்கே இறங்கவே கூடாது. நம் ஊர்ப் புறவழிச் சாலையில் நீ தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறாய், அக்கா. அதைவிட அங்கே ஒழுங்கு அதிகம் என்று நான் சத்தியம் செய்வேன்.

இடப்பக்கம் மணல் மேடுகள் செம்மண் நிறத்திலும் மஞ்சளிலும் வெளிறிய சாம்பலிலுமாக அடுக்கடுக்காக நின்றன. இரும்புத் தாது கலந்த மணல் நெடுங்காலமாக நிறமேறி நிறமேறி அப்படி ஆகியிருக்கிறது. அந்த மணலில் பெரும்பகுதி தெற்கே நியூ சவுத் வேல்ஸ் கரையிலிருந்து நீரோட்டம் சுமந்து வந்து கொட்டியது. சிவந்த அலகுள்ள சிப்பிபிடிப்பான் பறவைகள் இணையிணையாக நீரோரத்தில் நடந்தன, அவற்றுக்காக அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்தாள். ஓரிடத்தில் எங்கள் வண்டிக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. நம் அம்மா முற்றத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாளே, அதே கருடன், அதே வெள்ளைக் கழுத்து. உன்னை உலுக்கிக் காட்டினேன். நீ கண் திறக்கவில்லை. அப்போது எனக்கு உன் மேல் வந்தது கோபம்தான், இரக்கம் இல்லை. அதை இன்று வரை உன்னிடம் சொன்னதில்லை.

சரி, நீ எல்லோரிடமும் சொல்லும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "தங்கச்சி என்னை ஆளில்லாத கடற்கரையில் நாய் நரிக்கு நடுவே விட்டுவிட்டுக் கடலுக்குள்ளே போய்விட்டாள்" என்று பெரியவளின் கல்யாணப் பந்தலில் நீ சொன்னதை நான் இரண்டு பேர் வாய் வழியாகக் கேட்டேன். உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வார் எல்லாம் மாட்டிய பிறகு, அதை நீயே கழற்றினாய். வழிகாட்டிப் பெண் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமில்லாத ஒருவரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். டிங்கோ என்னும் காட்டு நாய்கள் நடமாடும் இடம் என்பதால் சாப்பாட்டை வண்டிக்குள் பூட்டி வைக்கவும், நாய் வந்தால் ஓடாமல் நிமிர்ந்து நின்று அதன் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கவும் சொன்னாள். நான் அதை உனக்குத் தமிழில் சொன்னேன். "நீ போ, நான் இருக்கிறேன்" என்று நீ சொன்னாய். உன் குரல் எப்படி இருந்தது என்பதை நான் கவனித்தேன். நான் உன்னோடு நின்றிருக்க முடியும். நிற்க எனக்கு மனம் வரவில்லை. உன்னைத் தனியே நிற்க வைத்ததற்காக மன்னித்துக்கொள், அக்கா, உண்மையாகவே கேட்கிறேன். ஆனால் அதே காலை மறுபடி விடிந்தாலும் நான் படகில்தான் ஏறுவேன்.

ஏனென்றால் பிரிஸ்பேனுக்கு வந்த பிறகு, இந்த வயதில், சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகப் பொது நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி மூச்சை அடக்கப் பழகியவள் நான். அதற்கு முன் தலை நனையும் ஆழத்துக்கு நான் போனதில்லை. போக விட்டதில்லை நீ. படித்துறையில் நடந்ததற்குப் பிறகு நீ எங்கள் எல்லோரையும் எப்படிக் காத்தாய் என்பதை நான் மறக்கவில்லை. அந்த ஐப்பசி வெள்ளத்தைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன். அப்போது நீயும் ஒரு குழந்தை, அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உன்னிடம் விட்டவர்கள் பெரியவர்கள் என்பதை மட்டும் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதி வைக்கிறேன்.

அந்த முனையின் அமைப்பை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1770-ஆம் ஆண்டில் கேப்டன் குக் கப்பலில் போனபோது தூரத்திலிருந்து இரண்டு தீவுகளைப் போலத் தெரிந்ததால் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்தக் குன்று, தென்கிழக்கிலிருந்து வரும் பேரலைகளைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது; வடக்குப் பக்கத்து வளைகுடாவுக்கு வரும்போது அலை வளைந்து, தணிந்து, நீண்ட மடிப்பாகக் கரை சேர்கிறது. எங்களை இறக்கியது அந்த மறைவில்தான். கயாக் என்பது உள்ளே உட்கார்ந்து மாட்டிக்கொள்ளும் வகை அல்ல, மேலே உட்காரும் வகை. கவிழ்ந்தாலும் தண்ணீர் நிறையாது, நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தைத் தீர்மானிக்கிறார், பின்னால் இருப்பவர் திசையை. அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்து இடைவெளி விழும் வரை வழிகாட்டி எங்கள் படகின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றாள்; விட்டதும் உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் கூட்டித் துழாவினோம்.

முனைக்கு அப்பால் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தன, புகை எழுவது போலத் தூரத்தில் மூச்சு தெரிந்தது. திமிங்கிலம் படகைக் கவிழ்த்துவிடும் என்று சின்னவளிடம் நீ சொல்லியிருக்கிறாய். அவற்றிடமிருந்து 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் அதைவிடப் பல மடங்கு தள்ளி, துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மிதந்தோம். அந்த முனையிலிருந்து தெற்கே மோர்ட்டன் தீவின் டாங்களூமா நிலையத்தில் 1952 முதல் 1962 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களை வெட்டி எண்ணெய் எடுத்தார்கள். வேட்டை நின்றபோது இந்தக் கரையோரம் சில நூறே மிஞ்சியிருந்தன. இன்று ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் குளிர்காலத்தில் வடக்கே போய்க் குட்டி போட்டுவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் குட்டிகளோடு இந்த வழியே திரும்புகின்றன. யார் யாருக்கு ஆபத்து என்று அந்த இடத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால், அக்கா, வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது டால்பின்களைப் பற்றி. நாங்கள் திரும்ப ஆரம்பித்திருந்தோம். ஒரு கூட்டம் எங்களைக் கடந்து, கரைக்கும் எங்களுக்கும் நடுவில், அலை மடியும் இடத்துக்கே போய்விட்டது. வழிகாட்டி கையை உயர்த்தியதும் எல்லாப் படகுகளும் நின்றன, அவற்றை நாம் துரத்தக் கூடாது, வந்தால் வரட்டும் என்பது முறை. அலை எழுந்து கண்ணாடி போல நிமிரும்போது அதற்குள்ளே அவற்றின் உடல் முழுவதும் தெரிந்தது; உடைவதற்குச் சற்று முன்னால் பின்பக்கமாக வெளியேறித் திரும்பி வந்தன. மூச்சு விடும்போது "ப்பஃ" என்று ஓர் ஒலி, அதைத் தொடர்ந்து பச்சை மீன் வாடை. அந்த அலைக்கு மேலே நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது உன்னைப் பார்த்தேன். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் நம் இருவருடைய செருப்புகளையும் வைத்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நீ நின்றுகொண்டிருந்தாய். ஒரு டால்பின் உனக்கு மிக அருகில் அலையை விட்டுத் திரும்பியது. நீ பின்வாங்கவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தாய். வாயைத் திறந்து ஏதோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று இன்று வரை கேட்கத் துணியவும் இல்லை.

நான் கரை சேர்வதற்குள் நீ வண்டியருகே போய் நின்றுகொண்டாய். சேலையின் கரை முழுவதும் ஈரமும் மணலுமாக இருந்தது, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. 1884-இல் கட்டிய அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் வழியெல்லாம் மூச்சு வாங்குவதைப் பற்றியே பேசினாய். கல்யாணப் பந்தலில் நாய் நரியைச் சொன்னாய், ஆளில்லாக் கரையைச் சொன்னாய், தங்கச்சியின் கல் மனதைச் சொன்னாய். முழங்கால் தண்ணீரை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ அஞ்சியதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அஞ்சாமல் நின்ற அந்தச் சில நிமிடங்களை நீ மறைத்துவிட்டு, மிச்ச அச்சத்தை எல்லாம் உன் பெண்ணின் கையில் கொடுப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

திருச்செந்தூருக்குப் போகும்போதெல்லாம் ஊரே கடலில் முங்கி எழ, பிள்ளைகள் இருவரையும் நாழிக்கிணற்றில் மட்டும் குளிப்பாட்டிக் கூட்டி வருவாய். சின்னவள் அப்போது கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அவளைப் பெற்றவள் நீ. ஆனால் நானும் அவளுக்குத் தாய்தான், அவளுக்கு ஒன்று என்றால் உனக்கு முன்னால் நான் செத்துப் போவேன். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது, ஆகவே என்னைத் துணிச்சல்காரி என்று நினைக்காதே.

அவள் இங்கே வந்ததும் தானாகவே நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொண்டேன், இனி மாட்டேன் என்று போன வாரம் அவளிடமே சொல்லிவிட்டேன். இப்போது குளத்தின் இரு முனைகளுக்கிடையே நிற்காமல் போய் வருகிறாள். கயாக்கில் முன்னால் அவள் உட்காருவாள், பின்னால் நான். தென்கிழக்குக் காற்று பலமாக இருந்தால் பயணத்தை அவர்களே ஒத்திவைத்துவிடுவார்கள். அவர்கள் ஒத்திவைக்காமல் எனக்கு மனசு சரியில்லை என்றாலும் நாங்கள் கரையிலேயே இருப்போம். அன்றைக்கு மாலை கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் முதல் அழைப்பு உனக்குத்தான். உனக்குத் தீபாவளிக்கு முன்னால் விடுப்பு கிடைத்தால் தேதியைத் தள்ளி வைக்கவும் முடியும், மூன்றாவது இடமும் கேட்டுப் பார்க்கிறேன்; அதற்கு நீ படகில் ஏற வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.

முடிவு செய்தது நான். சின்னவள் இன்றிரவு உன்னை அழைப்பாள். அவளைத் திட்டாதே, திட்டுவதையெல்லாம் எனக்கு வை.

உன் தங்கை