பிரதரின் அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

இயேசுவில் அன்புள்ள உறவுகளே,

குருப்பட்டம் பெறாத துறவியாக, சபைச் சகோதரராக வாழ்ந்த எங்கள் பிரதரை மண்ணில் வைத்து முப்பது நாள் ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய நட்பு இது. அந்த இரண்டு நாளும் நீங்கள் பார்த்த வேலைகளைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு. உயிர் பிரிந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னவர் அவர்தான். காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்துவிடும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தார். தலையணை கொடுத்துத் தலையை அரை அடி உயர்த்தினார். இல்லையென்றால் கண் எடுத்தபின் இரத்தம் கசியும். கண் தானத்துக்கு 6 மணி நேரம்தான் கெடு. பிரதருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்ததால் எடுப்பார்களா என்று சிலர் தயங்கினீர்கள். கண்புரை வருவது உள்ளே இருக்கும் லென்ஸில், தானமாகப் போவது முன்னால் இருக்கும் கருவிழி, அதனால் தடையில்லை. எழுதி வைத்த அட்டை இருந்தாலும் உறவினர் சம்மதம் கேட்பார்கள். விடியுமுன் பைக்கில் வந்து கையெழுத்துப் போட்ட அக்கா மகனுக்கும், அரை மணிக்குள் வேலையை முடித்த கண் வங்கிக் குழுவுக்கும் எங்கள் கும்பிடு.

பெட்டி செய்தது தச்சுப் பட்டறைப் பிள்ளைகள். பிரதர் சொல்லிக்கொடுத்த சுத்தம் அதில் தெரிந்தது. முக்கால் அங்குலப் பலகை, அடியில் மூன்று குறுக்குச் சட்டம், எல்லாம் திருகாணி. வெறும் ஆணி அடித்தால் குழியில் இறக்கும்போது பாரம் தாங்காமல் அடிப்பலகை கழன்றுவிடும். கைப்பிடிகளுக்குப் பலகையைத் துளைத்து போல்ட் போட்டு உள்ளே நட் முடுக்கியிருந்தார்கள். செபமாலை கோத்த கைகள் நெஞ்சில் உயர்ந்து நிற்கும், மூடி இடிக்கக் கூடாது என்று ஆழத்தை இரண்டு அங்குலம் கூட்டியது ஒரு முதலாண்டு மாணவன்.

உபதேசியாருக்கு எப்படி நன்றி சொல்வது! சுவரொட்டியில் 'அருட்தந்தை' என்று அச்சாக இருந்ததை நிறுத்தி 'அருட்சகோதரர்' என்று மாற்றியது அவர். கோவிலில் பெட்டியைத் தலைப்பக்கம் பீடத்தை நோக்கி வைக்கப் போனபோதும் அவர்தான் திருப்பி வைத்தார். குருவானவரைத்தான் அப்படி வைக்கும் வழக்கம். மற்றவர்களுக்குக் கால் பீடத்தை நோக்கி இருக்கும், திருப்பலிக்கு வந்து அமர்ந்ததுபோல. பெட்டிமேல் குருக்கள் தோளில் அணியும் ஸ்டோலாவோ பூசைப் பாத்திரமோ இல்லை, துறவற வாக்குறுதியின் அடையாளமான வார்த்தைப்பாட்டுச் சிலுவை மட்டும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. பிரதருடைய தே லா சால் சபையை ரெய்ம்ஸ் நகரில் 1680 வாக்கில் தொடங்கிய புனிதர் தாமே குருவாக இருந்தும், தம் சபைச் சகோதரர்கள் குருப்பட்டம் பெற வேண்டாம் என்று வைத்தார். வகுப்பறையே அவர்களுக்கு முழு வேலையாக இருக்க வேண்டும் என்பதற்காக. "சாமியாராகப் போயிருக்கலாமே" என்று கடைசிவரை கேட்டவர்கள் உண்டு. அவர் விரும்பி எடுத்த அழைப்பு இது. அதை அடக்கத்திலும் காப்பாற்றிக் கொடுத்தீர்கள்.

குழி வெட்டிய அண்ணன்மார் மூவரும் கரையில் பலகை போட்டுத்தான் ஆளை நிற்கவிட்டார்கள். தேரி மண், அதாவது செம்மணல், கால் பட்டாலே சரியும். நைலான் கயிறு கையில் வழுக்கும் என்று ஒதுக்கிவிட்டுப் பழைய தாம்புக்கயிறு இரண்டு கொண்டுவந்தார்கள். குழிக்குள் இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டு அதன்மேல் பெட்டியை இறக்கியதால் கயிறு சிக்காமல் உருவி வந்தது.

பாடகர் குழுவுக்கும், மாலைவரை பானக்கம் கரைத்துக் கொடுத்த பங்குப் பெண்களுக்கும் நன்றி.

மலர்வளையத்துக்குப் பதிலாக நீங்கள் கொடுத்த பணத்தைப் பட்டறைக்கு உளியும் இழைப்புளியும் வாங்கச் சபை இல்லத்தில் ஒப்படைத்துவிட்டோம். கொண்டுவந்த பாத்திரங்களில் ஒரு பித்தளைப் போணியும் இரண்டு எவர்சில்வர் வாளியும் மீதம் இருக்கின்றன. பட்டறை வாசலில் கழுவி வைத்திருக்கிறோம், உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரதரின் பள்ளித் தோழர்கள்