ட்யூப் வெடித்தால் பையன் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு காமாட்சிபாளையா, பீனியா பக்கம் லேசர் கட்டிங் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கிறவன் நான். பெயர்ப் பலகை, கல்யாணப் பத்திரிகை, எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) அலங்காரம் என்று வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடைகளில் மெஷினை ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வாணியம்பாடி பக்கத்துப் பையன்கள். கோடை வந்தால், லேசர் ஒளியை உண்டாக்கும் கண்ணாடி ட்யூப் போவதும், "நீதான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று அவர்கள் சம்பளத்தில் பிடிப்பதும் வழக்கமாகிவிட்டது. இது அநியாயம்.

இந்த மெஷின்களில் உள்ள சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) லேசரின் கண்ணாடி ட்யூப் வாங்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போவது ட்யூபுக்குள் தனி உறையில் ஓடும் தண்ணீர். அது 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் பவர் இறங்கும், ட்யூபின் ஆயுளும் குறையும்.

போன கோடையில் ஒரு கடையில் கூப்பிட்டார்கள். காலையில் அக்ரிலிக்கைச் சுத்தமாக வெட்டுகிற மெஷின், மத்தியானம் பாதி ஆழத்தோடு நின்றுவிடுகிறது. "ட்யூப் போச்சு, புதுசுக்குச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. ட்யூப் தேய்ந்திருந்தால் காலையிலும் வெட்டாது. மத்தியானம் மட்டும் தகராறு என்றால் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீரைக் குளிரவைத்து அனுப்பும் பெட்டியான சில்லருக்குத் திரும்பி வரும் ஹோஸைத் தொட்டேன், நல்ல சூடு. சில்லரின் பக்கவாட்டு வலையைக் கழற்றினால் எம்டிஎஃப் தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடக்கிறது. காற்றே உள்ளே போகவில்லை. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுப் பின்கதவைத் திறந்தேன். ட்யூபின் ஒரு முனையில் கட்டைவிரல் அளவுக்குக் காற்றுக் குமிழி நின்றுகொண்டிருந்தது. குமிழி நிற்கும் இடத்தில் தண்ணீர் கண்ணாடியைத் தொடாது. அங்கேதான் சூடேறி விரிசல் விடும். தண்ணீர் வெளியேறும் மூக்கு மேலே பார்க்கும்படி ட்யூபைத் திருப்பி வைத்தால் குமிழி தானாகப் போய்விடும். அப்புறம் லேசர் கதிர் நேராகப் போகிறதா என்று அலைன்மென்ட்டைச் சரிபார்த்தால் போதும். மாட்டிய அன்றே மூக்கைப் பக்கவாட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதில் அந்தப் பையன் செய்த தப்பு என்ன?

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பவர் சப்ளையில் டபிள்யூ.பி. என்று ஓர் இணைப்பு இருக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்றால் லேசரை நிறுத்துவது அதன் வேலை. "அடிக்கடி நிக்குது" என்று முதலாளி சொன்னால், அதற்கு ஒரு துண்டு ஒயர் போட்டு ஷார்ட் பண்ணிவிட்டுப் போகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். என் தொழில்காரர்களைப் பற்றியே எழுதுவது வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மறைக்கக் கூடாது. அடிக்கடி நிற்கிறது என்றால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பம்பில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இணைப்பை இப்படி ஊமையாக்கினால், பம்ப் நிற்கிற அன்றைக்கு ட்யூபும் போகும், பழி பையன் மேல் விழும்.

தண்ணீரின் தரத்துக்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில் கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கெடுபிடி வந்ததும், அக்ரிலிக் வெட்டும் கடைகளில் ராப்பகலாக வேலை. அதே நேரத்தில்தான் நகரமே டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடந்தது. கிடைத்த போர்வெல் தண்ணீரைச் சில்லரில் ஊற்றினார்கள். நம்ம ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். உப்பு ட்யூபுக்குள் வெள்ளையாகப் படியும், சூடு வெளியேறாது. அது மட்டுமல்ல, ட்யூபில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். உப்புத் தண்ணீர் வழியாகக் கரண்ட் கசியும். தொட்டியில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்று பையன்கள் சொன்னால் சிரிக்காதீர்கள், உடனே மெஷினை நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் தேவைப்படுவது எவ்வளவு தண்ணீர்? சிடபிள்யூ-5200 சில்லரின் தொட்டிக்கு 6 லிட்டர், சிடபிள்யூ-3000-க்கு 9 லிட்டர். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். இன்னொன்று: 3000-இல் கம்ப்ரசர் கிடையாது, ஃபேனும் ரேடியேட்டரும்தான். கடைக்குள் 35 டிகிரி அடித்தால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே பையன்கள் ஐஸ் வாங்கிப் போடுகிறார்கள். சூடான கண்ணாடிக்குள் திடீரென்று ஐஸ் தண்ணீர் பாய்ந்தால் ட்யூப் விரிசல் விடாமல் என்ன செய்யும்? வேலை அதிகமாக இருக்கும் கடைக்குக் கம்ப்ரசர் உள்ள சில்லரை முதலாளிதான் வாங்கித் தர வேண்டும். பையன் எங்கே போவான்?

மெஷின் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியோடு வரும் ஆங்கிலப் புத்தகம் ஓட்டுகிறவர் கைக்குப் போவதே இல்லை. என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும், வலையை வாரம் ஒருமுறை எப்படித் தட்டிச் சுத்தம் செய்வது, இ2 என்று அலாரம் அடித்தால் தண்ணீர் அதிகச் சூடாகிவிட்டது என்று அர்த்தம் என்பதையெல்லாம் கன்னடத்திலும் தமிழிலும் ஒரே தாளில் எழுதிச் சில்லர் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். மாட்டுகிற அன்று முதலாளிக்கு மட்டும் காட்டாமல், ஓட்டப்போகிற பையனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

லேசர் மெஷின் மெக்கானிக்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.