என்ஜின் இருந்தால் அது வீடு இல்லையா?

பிரித்தானிய நிதியமைச்சர் அவர்களுக்கும், பொருள்களின் விலையோடு சேர்த்து வாங்கும் வாட் வரியின் விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஆறு வருடமாக நான் குடியிருப்பது ஒரு நாரோபோட்டில், அதாவது இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகில். 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளிருக்கு ஒரு விறகடுப்பு, ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி. இந்த வாரம் லண்டன் ஆல்பர்ட்டன் பக்கம் கால்வாய்க் கரையில் படகைக் கட்டியிருக்கிறேன். கரையேறிக் கொஞ்ச தூரம் நடந்தால் நம் கடைகள் இருக்கின்றன. முருங்கைக்காய் வாங்கி வந்து படகிலேயே சாம்பார் வைக்கிறேன். எனக்கு வேறு வீடு கிடையாது.

நான் வாங்கியது பழைய படகு, தனி ஆளிடமிருந்து. அதனால் வாட் வரி என் பக்கமே வரவில்லை. இந்தக் கடிதம் எனக்காக இல்லை. சில மாதம் முன்பு பக்கத்தில் ஒரு வாடகைப் படகில் இருந்த இளம் தம்பதி, வாடகை கட்டி மாளாமல், சொந்தமாகப் புதுப் படகு செய்யச் சொல்லலாம் என்று விலை கேட்டுவிட்டு வந்தார்கள். வரியோடு சேர்த்து 1,50,000 பவுண்டு. அதில் 25,000 பவுண்டு வாட். “புது வீட்டுக்கு வாட் கிடையாதாமே அக்கா, எங்களுக்கு மட்டும் ஏன்?” என்று அந்தப் பெண் கேட்டார். பதில் தெரியாமல்தான் 1994ஆம் ஆண்டு வாட் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

எட்டாவது அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பூஜ்ய வரி. குடியிருக்கிற பெரிய கேரவனுக்கும் (இழுத்துச் செல்லும் சக்கர வீடு) பூஜ்ய வரி. படகு வீட்டுக்கும் அப்படித்தான், ஆனால் அது தானாக நகரக் கூடாது. எளிதில் நகரும்படி மாற்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. நகர்ந்தால் 20 சதவீதம்.

சரி, அப்படியானால் என்ஜின் இல்லாத படகை வாங்கலாமே என்பீர்கள். கால்வாய்களுக்கான 1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் அதற்கு வழி விடவில்லை. நிரந்தரமாகக் கட்டி நிறுத்த இடம் இல்லாதவர்கள் தக்க காரணம் இல்லாமல் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது அது. லண்டனில் நிரந்தர இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று படகுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, ஒரு சட்டம் நகரச் சொல்கிறது. இன்னொரு சட்டம், நகர்ந்தால் அது வீடே இல்லை என்கிறது. இரண்டும் ஒரே நாடாளுமன்றம் அடுத்தடுத்த வருடங்களில் போட்ட சட்டங்கள்.

இதைவிட மனதை உறுத்துவது 15 டன் கணக்கு. உல்லாசத்துக்கென்று வடிவமைக்கப்படாமல், கிராஸ் டன்னேஜ் 15 டன்னோ அதற்கு மேலோ இருந்தால், என்ஜின் இருந்தாலும் பூஜ்ய வரி. இது எடைக் கணக்கு இல்லை, உள்ளே இருக்கிற இடத்தின் கணக்கு. 12 அடி அகலமுள்ள பெரிய படகு வாங்குகிறவர் இந்த வழியில் தப்பிக்கலாம். நாரோபோட்டுகள் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. அகலத்தைக் கூட்டவும் முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வெட்டிய கால்வாய்களில், லாக் என்று சொல்லும் படகு மதகுகள் ஏறக்குறைய 7 அடி அகலம்தான். அன்று நிலக்கரிப் படகுக்கு எடுத்த அளவு, இன்று ஒரு குடும்பத்துக்கு வரிச்சலுகை உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறது. பெரிய படகு வாங்க வசதி உள்ளவருக்குச் சலுகை, சின்னப் படகுக்கே திணறுகிறவருக்கு வரி. இதில் என்ன நியாயம்?

படகு வாங்கினால் முத்திரைத் தீர்வை இல்லை. நல்ல விஷயம், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. டீசல் விஷயத்திலும் நீங்கள் சரியாகத்தான் நடந்துகொண்டீர்கள். 2022 ஏப்ரலில் பல துறைகளுக்குச் சிவப்பு டீசலை (சாயம் கலந்த, வரி குறைந்த டீசல்) நிறுத்தியபோதும், எங்களுக்குச் சூடேற்றவும் மின்சாரத்துக்கும் ஆகிற பங்குக்குச் சலுகையை விட்டுவைத்தீர்கள். படகை ஓட்ட 60 சதவீதம், வீட்டுக்கு 40 சதவீதம் என்று பிரித்து எழுதிக் கொடுப்பது எங்களில் பலருக்கு வழக்கம். ஒரே தொட்டியில் இருக்கிற எண்ணெயில் வீட்டுப் பங்கைப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, அந்தப் படகை வீடாகப் பார்க்க முடியாதா?

அமெரிக்க வருமான வரித்துறை என்ஜினைப் பற்றிக் கேட்பதில்லை. தூங்க இடம், சமைக்க வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் படகும் வீடுதான்; அதை அடமானம் வைத்து வாங்கிய கடனின் வட்டியை, கடன் 7,50,000 டாலர் வரை, வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அங்கே இரண்டாவது வீட்டுக்கும் அதே சலுகை உண்டு. அதனால் வார இறுதியில் மட்டும் ஏறுகிற உல்லாசப் படகும் உள்ளே வந்துவிடும். அதை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்த மூன்று வசதிகளும் இருந்து, வாங்குகிறவருக்கு அது ஒன்றே வீடு என்று உறுதிமொழி கொடுத்தால், என்ஜின் இருந்தாலும் அகலம் குறைந்தாலும் புதுப் படகுக்குப் பூஜ்ய வரி கொடுங்கள். விலைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். பொய் சொன்னவரிடம் வட்டியோடு வசூலியுங்கள்.

இதை ஆங்கிலத்தில் உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் வெளியிடுவது, வாடகைக்கு அலைகிற நம் பிள்ளைகள் படித்துத் தங்கள் தொகுதி எம்பிக்கு நாலு வரி எழுதுவார்கள் என்றுதான். அந்தத் தம்பதி முன்பணம் கட்ட மூன்று மாதம் அவகாசம் வாங்கியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆல்பர்ட்டன் கரையிலிருந்து ஒரு படகுவாசி