கழுவெளியில் காதுகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்னையின் சதுப்புநிலமான பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டிய குட்டைகளிலும் மழைநீர் தேங்கும் பள்ளங்களிலும் மூன்று மழைக்காலங்களாக நாங்கள் நடத்திவந்த தவளைக் கணக்கெடுப்பின் முதற்கட்டம் சென்ற மார்கழியோடு நிறைவுற்றது. கைகொடுத்தவர்களை வீடுதேடி வந்து பார்ப்பதுதான் முறை. ஆனால் பலருடைய வீடு எங்களுக்குத் தெரியாது, சிலருடைய பெயரைக்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டோம் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி எருமை மேய்க்கும் பெரியவருக்கு உரியது. தொடக்கத்தில் நாங்கள் கண்ணால் எண்ணத்தான் போனோம். ஆளுக்கொரு டார்ச் லைட்டோடு கரையில் இறங்கியதும் குட்டை முழுவதும் வாயடைத்துப் போயிற்று. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று தாளில் குறித்துக்கொண்டு திரும்பியவர்களை நிறுத்தி, "வெளக்க அணைச்சிட்டு ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா உக்காருங்க தம்பி" என்றார் அவர். உட்கார்ந்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் கணக்கோ நுணலின் வாயால்தான் உருப்பட்டது. அன்றுமுதல் இருட்டில் காத்திருந்து, குரலைக் கேட்டு, இனத்தைப் பிரித்து எழுதுவதே எங்கள் முறையாயிற்று.

அந்தக் குரல்களைப் பிரித்தறியக் கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மரத்தவளை கட்டையைத் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று விட்டுவிட்டுக் கூப்பிடும் என்பதைக் கைப்பேசிப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டிப் பிள்ளைகளின் காதில் ஏற்றினார். ஓர் இரவு முழுவதும் நாங்கள் பிள்ளைப்பூச்சியின் இரைச்சலைத் தவளைக் கணக்கில் சேர்த்திருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். அந்தத் தாளை அடித்துவிட்டோம்.

தவளைக்குத் தண்ணீர் குடிக்கத் தோலே வாய், தோலே பாதி மூச்சு. முட்டைக்கு ஓடு கிடையாது. தலைப்பிரட்டையாக நீரிலும், வளர்ந்தபின் பெரும்பாலும் கரையிலும் வாழ்கிறது. ஆகவே நீர், நிலம் இரண்டில் எது கெட்டாலும் அதற்கு முதலில் தெரிந்துவிடும். இருந்தாலும் எண்ணிக்கை மிகுந்தால் நீர் நலமாக இருக்கிறது என்று பொருளன்று. நீர்ப்பரப்பின்மேல் தத்தித் தத்தி ஓடும் சிறு தவளை ஓரளவு சாக்கடை நீரையும் தாங்கிக்கொள்ளும். ஒரு குட்டையில் அதன் குரல் மட்டும் மிஞ்சி மற்றவை ஓய்ந்துபோனால் கவலைப்பட வேண்டும். எந்தக் குரல் இல்லை என்று எழுதும் கட்டத்தை எங்கள் தாளில் சேர்க்கச் சொன்னவர் கல்லூரி மாணவி ஒருவர். அவருக்குத் தனியே கடன்பட்டிருக்கிறோம்.

தேநீர்க் கடை அக்காவுக்கு நன்றி சொல்லச் சொற்கள் போதவில்லை. பெருமழை பெய்த மறுநாள் ஆண் காளைத் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்கக் கத்தும் பள்ளம் ஒன்று சாலையோரம் இருக்கிறது. ஆண்டில் சில மாதமே நீர் நிற்பதால் அதில் மீன் இல்லை. மீன் இல்லாததால் தலைப்பிரட்டைகள் பிழைக்கின்றன. கழுவெளியின் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது நமக்கெல்லாம் பெருமைதான், ஆயினும் அந்த எல்லைக் கோட்டுக்கு வெளியே கிடக்கும் இந்தப் பள்ளத்தில் இரண்டாமாண்டு ஒரே இரவில் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டார்கள். விடியுமுன் தொலைபேசியில் எங்களை எழுப்பியவர் அக்கா. மனுவில் கையெழுத்திட்ட குடியிருப்புவாசிகளாலும், கூலி வாங்க மறுத்த பொக்லைன் ஓட்டுநராலும் பாதிப் பள்ளமாவது மீண்டது. மறுமழைக்கு அங்கே மஞ்சள் தெரிந்தது என்பதை அவர்கள் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இரவில் துணைக்கு வந்த வனக் காவலர்களுக்கும், தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவிவிடாதபடி எல்லோருடைய காலணிகளையும் சலிக்காமல் மருந்து நீரில் கழுவித்தந்த இரு சிறுவர்களுக்கும், அவர்களை நம்பி அனுப்பிய தாய்மார்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

கணக்கேடுகள் அக்காவின் கடையில் இருக்கின்றன. யாரும் புரட்டிப் பார்க்கலாம். அடுத்த கணக்கெடுப்பு ஐப்பசியின் முதற் பெருமழைக்கு மறுநாள் மாலை அங்கிருந்தே புறப்படும். பூச்சிவிரட்டிக் களிம்பு தவளைத் தோலுக்கு ஆகாது என்பதால் கையில் தடவிக்கொண்டு வர வேண்டாம். கொசுக்கடிக்கு இப்போதே பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்