சனிக்கிழமை போன்

கெய்ன்ஸ்வில்
8.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உன்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இன்னும் கைவசம் இருக்கும் என்று நம்பித் தமிழிலேயே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. பின்பக்கத்து முருங்கை நன்றாகக் காய்க்கிறது.

சனிக்கிழமை நம் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். உன் டிக்கெட்டை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பக்கத்து இடத்தில் உன் பழைய நீலத் தொப்பியை வைத்திருந்தேன். 16-15 என்று நாம்தான் முன்னால். மூன்று நிமிடம்கூடப் பாக்கி இல்லை. சவுத் ஃப்ளோரிடாக்காரர்கள் பந்தை நகர்த்திக்கொண்டு வருகிறார்கள். அப்போது நடுவரின் பெனால்டிக் கொடி விழுந்தது. நான் இருந்த இடத்திலிருந்து என்ன ஏது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டிவியில் பார்த்தால், நம் பையன் ஒருவன் எதிராளி மேல் துப்பியிருக்கிறான். அவனை வெளியே அனுப்பி, 15 யார்டையும் தண்டனையாக அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கடைசி நொடியில் 20 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. 18-16 என்று தோற்றோம். நம்முடைய ஸ்வாம்ப் மைதானத்திலேயே!

அந்த ஒன்று மட்டுமா? மொத்தம் 11 பெனால்டி, 103 யார்டு. ஒரு டச்டவுனுக்கு ஓடவேண்டிய தூரத்துக்கு மேலே சும்மா கொடுத்திருக்கிறோம். பயிற்சியாளர் நேப்பியரை நீக்கவேண்டும் என்று ஊரே பேசுகிறது. அவர் மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பழக்கம் அவர்தான் ஏற்படுத்த வேண்டும். ஆனால் அந்த ஒரு நொடியில் அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே அல்லவா நிற்கிறார்?

அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயித்த அன்றைக்கு நீ கூப்பிட மறந்திருக்கிறாய். தோற்ற அன்றைக்கு மறந்ததே இல்லை.

2020 டிசம்பரில் நம் அணியின் மார்க்கோ வில்சன் ஷூவை எறிந்தானே, அப்போது கொரோனா காலம், நீ வீட்டில்தான் இருந்தாய். 34-34. மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்.எஸ்.யூ.வை மடக்கியாகிவிட்டது, அடுத்து பந்து நமக்குத்தான். எதிராளி காலிலிருந்து கழன்று கையோடு வந்த ஷூவை எடுத்து வீசினான். 15 யார்டு. அப்புறம் அந்த மூடுபனியில் 57 யார்டிலிருந்து அவர்கள் ஆள் ஒருவன் உதைத்தான், 37-34. நான் கத்தினேன். நீதான் அவனுக்குப் பரிந்து பேசினாய். "கோபத்தில் எறியவில்லைப்பா, சந்தோஷத்தில் எறிந்தான்" என்றாய். எந்த உணர்ச்சியில் எறிந்தால் என்ன, போனது போனதுதானே என்று நான் விடவில்லை. அடுத்த வருஷமே அவனை அரிசோனா தொழில்முறை அணி எடுத்துக்கொண்டது. ஒரு ஷூவோடு அவன் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. அதை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஆபீஸ் எப்படிப் போகிறது? சித்தி போன வாரம் ஏதோ சொல்ல வந்தாள். உன் விஷயத்தை இன்னொருவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். யாராவது ஏதாவது சொன்னால் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடாதே. ராத்திரியில் மெயில் அனுப்பாதே. உனக்கு இருக்கும் மூளைக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சியாட்டில் போய் இரண்டே வருஷத்தில் உன்னை நம்பிப் பத்துப் பேரை விட்டார்களே, அதை நான் சொல்லாத ஆள் இங்கே கிடையாது. ஆனால் உடனே மட்டும் பதில் சொல்லாதே, தம்பி. பாளையங்கோட்டைத் தாத்தா கதை உனக்குத் தெரியும். வாயைத் திறக்கும் முன்னால் ஒரு மூச்சு.

இதை எழுதும்போதே கை நிற்கிறது. எட்டாம் வகுப்பில், விசில் அடித்த பிறகு அந்தப் பையனைத் தள்ளிவிட்டாய் என்று உன்னைக் கோச் வெளியே உட்கார வைத்தார். அன்றைக்குத் தண்டனை முடிந்துவிட்டது. நான் காருக்குள் வைத்து உன்னை அறைந்தேன். நீ அழவில்லை. அந்த நீல மவுத்கார்டை வாயிலிருந்து எடுக்காமலே வீடு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போதுதான் கையில் துப்பினாய், அதில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. உன் உதடு கிழிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அம்மாவிடம் ஆட்டத்தில் பட்டது என்று நான் சொன்னேன். நீயும் ஆமாம் என்றாய். பதினைந்து வருஷமாக அந்தப் பொய்யை உன் தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

கோபம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தாத்தா வரைக்கும் போய்த் தேடவேண்டியதில்லை.

வருகிற சனிக்கிழமை பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ.வோடு ராத்திரி ஆட்டம். அதற்குள் இந்தக் கடிதம் வந்துசேருமோ என்னவோ. வீட்டில்தான் பார்ப்பேன். ஆபீஸ் விஷயம் பேசவேண்டாம் என்றால் பேசவேண்டாம். எத்தனை கொடி விழுந்தது என்று மட்டும் எண்ணிக்கொண்டு பேசலாம். எத்தனை மணியானாலும் கூப்பிடு, நான் தூங்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா