கூடத்துத் தரையில் ஒரு மலைத்தொடர்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. பூச்சு வேலை முடிந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன்.

கூடத்துக்கு மார்பிள் போன்ற டைல்ஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய மாதிரியில் சாம்பல் கோடுகள், மலைத்தொடர்மேல் மேகம் இறங்குவதுபோல ஓடுகின்றன. இத்தனை வருடம் புவியியல் நடத்தியவளுக்கு உடனே சீனாவின் டாலி நகரம் நினைவுக்கு வந்தது. யுன்னான் மாகாணத்தில் சாங்ஷான் மலையடிவாரத்தில் இருக்கிறது. சீன மொழியில் மார்பிளுக்குப் பெயரே 'டாலிக் கல்'தான். அந்தக் கல்லை அறுத்து, சிகரமும் மூடுபனியும் தெரிகிற பலகைகளைத் தேர்ந்தெடுத்து, சட்டம் போட்டு ஓவியம்போல மாட்டுவார்கள். நாற்காலியின் முதுகிலும் பதிப்பார்கள். தூரிகையே படாத ஓவியம்! சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெந்து நெரிந்து மார்பிளாகும்போது, அதில் கலந்திருந்த களிமண்ணும் இரும்பும் கரியும் கோடுகளாகிவிடுகின்றன. அதனால் ஒரு பலகைபோல இன்னொன்று அமையாது.

டைல்ஸில் அந்தக் கோடுகள் அச்சிட்ட படம். களிமண்ணையும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் தூளையும் அழுத்தி வில்லையாக்கி, மேலே படத்தை அச்சிட்டு, ஏறத்தாழ 1200 டிகிரியில் சுடுகிறார்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் நிறைய வருகிறது. உழைக்கும், கறை பிடிக்காது, தாராளமாகப் போடு. ஆனால் ஒரு டிசைனுக்குச் சில படங்கள்தான் இருக்கும், அவையே திரும்பத் திரும்ப வரும். என் தங்கை வீட்டில் நதிபோன்ற ஒரே கோடு நான்கு டைல்ஸில் அடுத்தடுத்து ஓடுகிறது. போகும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது. எத்தனை படங்கள் என்று கடையில் கேட்டுவிடு. சிமெண்ட் கலக்கும் முன்பே பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும்.

சமையல் மேடைக்கு அசல் மார்பிள் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு போய்விடும். உன் மகன் சொல்கிற செயற்கை குவார்ட்ஸும் வேண்டாம் என்பேன். அது குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கலந்து செய்த பலகை. அதில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, இருப்பதுண்டு. அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி, தொழிலாளிகளின் நுரையீரலை இறுகச் செய்து ஆளையே கொன்றுவிடுகிறது. அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடை செய்தது. நம் வீட்டு அழகுக்காக ஒரு பிள்ளை மூச்சுத் திணற வேண்டுமா, மல்லிகா? கறுப்பு கிரானைட் போடு. அதிலும் சிலிக்கா உண்டு, குறைவு. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல், அறுப்பவருக்கு நல்ல முகக்கவசமும் வாங்கிக் கொடு.

டைல்ஸ் பதிக்கும் தேதியை எழுது. முதல் நாளே வந்துவிடுகிறேன். இருவரும் உட்கார்ந்து அடுக்கிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் விசாலாட்சி