சுவரொட்டி எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியருக்கு,

அடிவாங்கும் பெண்ணிடம் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோம்மா" என்பதை நம்மவர்கள் இன்னும் விடவில்லை. சிங்கப்பூர்ச் சட்டமோ வெகுதூரம் போய்விட்டது. 2025 ஜனவரி 2 முதல் மனரீதியான கொடுமையும் அடக்கியாளும் போக்கும் குடும்ப வன்முறை என்று தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. வன்முறை செய்பவரைத் தடுக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவைச் சொந்தமாகக் கோர முன்பு 21 வயதாக வேண்டும். இப்போது 18 வயதானவரே கோரலாம். நீதிமன்றப் படியேறக் கூசுபவர்கள் 'பேவ்' (PAVE) போன்ற குடும்ப வன்முறை உதவி நிலையங்களிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி, நீண்டகால வருகை அட்டை என்ற தங்கும் அனுமதியில் இங்கு வாழும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? "அட்டையைப் புதுப்பிக்க மாட்டேன்" என்ற கணவரின் ஒரு மிரட்டலே அவள் வாயை அடைத்துவிடும். கைப்பேசியையும் கணவர் பார்க்கிறார் என்றால் இணையத்தில் தேடவும் வழியில்லை.

24 மணி நேர உதவி எண் 1800-777-0000. அதைத் தமிழில் அச்சிட்டு, கோயில்களிலும் தேக்கா கடைத்தொகுதியிலும் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டலாமே! கணவரோ மாமியாரோ எட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அதை நின்று படிப்பவளை நாலு பேர் பார்ப்பார்கள். செலவும் பெரிதில்லை. கோயில் நிர்வாகங்கள் முதலில் தொடங்கட்டும்.

— வாசகி, ஈசூன்